காவலர் வாழ்க!

விஞ்ஞானக் கதையை இலக்கியத்தின் முற்றத்தைக்கூட மிதிக்கவிடாமல் காத்துவரும் நம் விமர்சகப் பெருமக்களுக்கு ஈடு இணை இல்லை. மற்றக் காவலர்கள் சில வேளை கண்ணயர்வார்கள். இவர்கள் புத்தகத்தைத் திறக்காமலே காவல் காப்பதால் கண்ணுக்கு வேலையே இல்லை.

சுஜாதாவைப் பாருங்கள். 'என் இனிய இயந்திரா' விகடனில் தொடராக வந்தபோது, ஜீனோ என்ற இயந்திர நாய் வீட்டுக்கு வீடு செல்லப்பிராணி. எழுதியவரோ வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்காற்றிய பொறியியலாளர். அப்பேர்ப்பட்டவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கடைசிவரை கிடைக்கவில்லை. என்ன நிதானம்! இத்தனை பேர் விரும்பிப் படித்த குற்றத்தை இலேசில் மன்னித்துவிடலாமா? 2008 பெப்ரவரி 27இல் அவர் கண்மூடியதும் புகழாரம் குவிந்தது. இனி எழுதமாட்டார் என்று உறுதியானபின் தாராளமாயிருப்பதும் ஒரு நுட்பந்தான்.

மூன்று கிழமை கழித்து, மார்ச் 19இல், விஞ்ஞானக் கதையாசிரியர் ஆர்தர் சி. கிளார்க் கொழும்பில் காலமானார். திருகோணமலைக் கடலில் சுழியோடிக் கோணேசர் கோயிலின் கற்களைக் கண்டவர். நம் தீவை ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளி நிலநடுக்கோட்டில் வைத்து, அங்கிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி கட்டி, 1979இல் நாவல் எழுதினார். தீவே நகர்ந்தது; நம்மவர்கள் நகரவில்லை.

விஞ்ஞானக் கதையில் 'மண்வாசனை இல்லை' என்பது விமர்சகர் தீர்ப்பு. மெத்தச் சரி. பூரணை இரவில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பை வாவிக்குள் இறக்கி, மறுமுனையில் காதை ஒட்டினால், நரம்பைச் சுண்டியதுபோல ஒலி ஏறிவரும். மீனா, ஊரியா, ஏன் இந்த இடத்தில் என்று கேட்கத் தொடங்கினால் அது விஞ்ஞானக் கதையாகிவிடும் ஆபத்து உண்டல்லவா? ஆகவே 'மீன்பாடும் தேனாடு' என்று மேடையில் முழங்குவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வாவிக்குக்கூட தொந்தரவில்லை.

விபுலாநந்த அடிகளிடமும் அதே பக்குவம். காரைதீவு தந்த லண்டன் விஞ்ஞானப் பட்டதாரி அவர். 1947இல் வெளிவந்த யாழ்நூலில் நரம்பையும் சுருதியையும் கணக்கிட்டு, வழக்கொழிந்த யாழை மீட்டவர். ஆண்டுதோறும் சிலைக்கு மாலை தவறுவதில்லை. கணக்குப் பக்கங்களைக் கசங்காமல் வைத்திருக்கிறோம்.

அடுத்த இலக்கிய விழாவுக்கும் நம் விமர்சகப் பெருமக்களே தலைமை தாங்க வேண்டும். விஞ்ஞானக் கதை எழுதும் பிள்ளைகள் யாரும் வந்தால் திருப்பி அனுப்பவேண்டாம். ஒலிபெருக்கி பார்க்க ஆள் தேவைப்படும்.