தகரப் பெட்டியின் வாக்குமூலம்

ஆந்திர எல்லையோரத்துப் பாலசமுத்திரத்தில் எங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதன் விஷயமாக எனக்கும் என் மனைவிக்கும் இடையே பொங்கலுக்குப் பொங்கல் ஒரு வியாஜ்யம் எழுவதும், வெள்ளையடிப்பு முடிந்து ஏணி வெளியே போனவுடன் அது தானாகவே தள்ளுபடியாவதும் அநேக வருஷங்களாக அனுஷ்டிக்கப்பட்டு வரும் சம்பிரதாயம். இவ்வருஷம் ஏணி போகுமுன்பே பழைய பேப்பர்காரர் வந்து சேர்ந்ததுதான் வினை.

"என்னங்க, அந்தப் பெட்டியில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்றாள் அவள்.

"என் பால்யம்" என்றேன்.

பேப்பர்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டார். அந்தச் சரக்குக்கு அவரிடம் விலை கிடையாது போலும்.

சமயோசிதமாக நான் கோட்டையூர் ரோஜா முத்தையாவைச் சாக்ஷிக்கு அழைத்தேன். விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்த அந்த மனிதர், பிறர் கிழித்தெறியும் நோட்டீசுகளையும் கல்யாணப் பத்திரிகைகளையும்கூட விட்டுவைக்காமல், புத்தகமும் சஞ்சிகையுமாக ஒரு லக்ஷம் அளவுக்குச் சேர்த்து வைத்ததையும், 1992-இல் அவர் காலமான பின்னர், கடல் கடந்த சிகாகோ சர்வகலாசாலை அச்சேகரத்தை விலைக்கு வாங்கி, 1994-இல் சென்னையில் அவர் பெயராலேயே ஒரு நூலகம் அமையச் செய்ததையும் விஸ்தாரமாக எடுத்துரைத்து, "பரண்மேல் இருப்பது குப்பையா, பொக்கிஷமா என்று தீர்மானிக்க வேண்டியது சிகாகோவே ஒழிய நீ அல்ல" என்று முடித்தேன்.

"சிகாகோவுக்குப் போகுமுன் நான் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்" என்றாள். பெட்டி இறங்கியது.

முதலில் வெளிப்பட்டது ஒரு பம்பரம். ஊர்க்கோடிப் புளியமரத்தடியில் எதிரிகள் அத்தனை பேரையும் நான் தோற்கடித்த பம்பரம் என்று பேரப்பிள்ளைகளுக்கு நான் பலமுறை உபந்நியாசம் செய்திருக்கும் அதே பம்பரம். என் மனைவி அதைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தோற்றவன் பம்பரத்தில்தானே ஆக்கர் குத்துவார்கள்? இதில் குத்துவதற்கு இனி இடமே இல்லையே!" என்றாள். பொருள்கள் வாயில்லா ஜீவன்கள் என்ற தைரியத்தில் அவற்றைப் பற்றி அறுபது வருஷமாக வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, அவற்றுக்கு உடம்பெல்லாம் வாய் என்பது அன்றுதான் விளங்கிற்று.

அடுத்தது ஓர் 'அம்புலிமாமா'. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கில் 'சந்தமாமா'வையும் தமிழில் 'அம்புலிமாமா'வையும் கூடவே தொடங்கியது, எங்களைப் போன்ற எல்லைப்புறத்துப் பிள்ளைகளை உத்தேசித்தே என்பது என் திடமான அபிப்பிராயம். பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் வீட்டில் தமிழுமாக வளர்ந்த நான், இரண்டு பத்திரிகைகளிலும் ஒரே படமும் ஒரே கதையும் வருவதைக் கண்டுபிடித்து, இரண்டையும் அருகருகே விரித்து வைத்துக்கொண்டு, தெலுங்கு வேதாளத்தின் ஒத்தாசையால் தமிழ் வேதாளத்தை எழுத்துக்கூட்டினேன். ஆகவே, எனக்குத் தமிழ் போதித்த ஆசிரியர் முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்குகிறவர். இந்த வரலாற்றைக் கண்கள் பனிக்கச் சொல்லிக்கொண்டே அட்டையைப் புரட்டினேன். உட்புறத்தில் பெரியப்பா மகனின் பெயரும், அதன் கீழே, படித்துவிட்டுத் தவறாமல் திருப்பித் தரவும் என்ற விக்ஞாபனமும் இருந்தன.

"ரோஜா முத்தையா வாங்கிச் சேர்த்தார்; நீங்கள் எடுத்துச் சேர்த்திருக்கிறீர்கள்" என்று தீர்ப்பு வாசிக்கப்பட்டது.

பெட்டியின் அடியில், வேட்டித் துணியில் சுற்றிய ஆண் மரப்பாச்சி. அதைக் கண்டதும் நான் வாயடைத்துப் போனேன். திருப்பதிக்குப் போய் வருகிறவர்கள் பிரசாதத்தோடு செம்மரத்தில் செதுக்கிய ஆணும் பெண்ணுமான ஜோடியையும் வாங்கி வருவதும், அது கொலுவில் முதல் மரியாதை பெறுவதும், மற்ற நாட்களில் குழந்தைகளின் வாயில் கிடப்பதும், கடித்தாலும் அது மருந்துதான் என்று பாட்டிமார் சமாதானம் சொல்வதும் எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் வீட்டு ஜோடி அக்காளுடையது. 1959-இல் அவள் கல்யாணமாகித் திருத்தணிக்குப் புறப்பட்டபோது, டிரங்குப் பெட்டியில் அவள் படுக்கவைத்த தம்பதியில் ஆணை மட்டும் நான் அபகரித்துவிட்டேன். ஒரே சித்தூர் ஜில்லாதானே, மெதுவாகக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று எண்ணியிருக்கையில், மத்தியஸ்தர் பட்டாஸ்கர் வகுத்த எல்லைத் திட்டம் அமலுக்கு வந்து, 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. பாலசமுத்திரம் ஆந்திரத்திலேயே நின்றது. தாலுகாவைப் பிரித்த பழி பட்டாஸ்கரைச் சேரும். தம்பதியைப் பிரித்த பழி என்னையன்றி யாரைச் சேரும்?

மறுநாளே திருத்தணிக்குப் பிரயாணமானேன். சேஷாசலம் முதலான கிழக்குத் தொடர்ச்சி மலைகளை விட்டால் வேறெங்கும் தானாக வளராத செம்மரத்தைக் கடத்தினால் சிறைவாசம் என்றிருக்கும் இந்நாளில், ஒரு சாண் செம்மரத்தைத் துண்டில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு மாநில எல்லையைத் தாண்டும் எழுபத்தைந்து வயதுக் கடத்தல்காரனாகப் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பாராதது நிம்மதியாகவும், சற்றே அவமானமாகவும் இருந்தது.

அக்காளுக்கு எண்பத்து நான்கு வயது. வழிநெடுகத் தயாரித்திருந்த மன்னிப்புப் பிரசங்கத்தை நான் ஆரம்பிக்குமுன்பே, அவள் பூஜை அலமாரியிலிருந்து பெண் மரப்பாச்சியை எடுத்துவந்து, இரண்டையும் அருகருகே நிறுத்தி, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீதான் எடுத்திருப்பாய் என்று அன்றைக்கே தெரியும்" என்றாள். "நான் எந்த வாயால் கேட்பது? இந்த ஜோடியே நம் வீட்டுடையது இல்லையடா. ஒரு நவராத்திரியில் எதிர்வீட்டுக் கொலுப் படியிலிருந்து நான் பாவாடையில் மறைத்து எடுத்து வந்தது."

பிறகு சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அம்மா காதில் போட்டுவிடாதே" என்றாள்.

அம்மா காலமாகி நாற்பது வருஷமாகிறது. நானும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சொல்ல மாட்டேன்" என்றேன்.