ஹீல்-டோ தம்பி

சிவப்பு விளக்கில் நிற்கப்போகும் காரையும் பந்தயத் திடலின் கடைசி வளைவுக்குள் நுழையும் காரைப்போல் கியர் இறக்கி ஓட்டுபவர் ஹீல்-டோ தம்பி. மலாக்கா மாநிலத்தில் ஜாசின், டுரியான் துங்கால், அலோர் காஜா, தெபோங் வட்டாரங்களில் இவரைக் காணலாம். தாத்தா பால்மரம் வெட்டியவர். அப்பா செம்பனைக் குலை இறக்கியவர், பிறகு லயத்தைக் காலி செய்துவிட்டுத் தாமான் வீட்டுக்கு வந்தவர். தம்பி பத்து பெரண்டாம் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிறார். சம்பளத்தில் முதல் பங்கு காருக்குப் போகிறது. மிச்சத்திலும் பாதி அதற்கே.

அவரிடம் இருப்பது ‘டி’ லைசன்ஸ். ஆட்டோ கார் மட்டுமே ஓட்ட அனுமதிக்கும் ‘டிஏ’ லைசன்ஸ்காரர்களை அவர் ஓட்டுநர் கணக்கில் சேர்ப்பதில்லை. அக்காள் கணவர் அந்த வகையாக இருந்துவிட்டால், தீபாவளி விருந்தில் ஆட்டிறைச்சி பரிமாறி முடிவதற்குள் பேச்சு எப்படியோ கியர்பாக்ஸ் பக்கம் திரும்பிவிடும்.

கார் பெரும்பாலும் பழைய புரோட்டோன் சத்ரியா. இதில் மேல்சாதி ஒன்று உண்டு: ஜிடிஐ. 1.8 லிட்டர் இஞ்சின். காரின் ஓட்டத்தைச் சீர்படுத்திக் கொடுத்தது இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம். அந்த நிறுவனத்தைப் புரோட்டோன் 1996-இல் விலைக்கு வாங்கியிருந்தது. பின்கதவில் லோட்டஸ் பெயர் போட்ட சின்னம் ஒட்டியிருக்கும். தம்பியின் காரிலும் அந்தச் சின்னம் இருக்கிறது. கார் மட்டும் 1.3. இதை யாராவது சுட்டிக்காட்டினால், “கன்வர்ட் பண்ணப் போறேன் மச்சான், ஹாப்கட் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்பார். ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வரும் காரின் முன்பக்கம்தான் ஹாப்கட். பார்த்துக்கொண்டிருப்பது சில வருடங்களாக நடக்கிறது.

ஹீல்-டோ என்ற கலையின் கதை இது. மூன்றாம் கியரில் இஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்றால், அதே வேகத்தில் இரண்டாம் கியருக்கு ஏறத்தாழ 4300, 4400 சுற்று தேவை. கிளச்சை மிதித்து, கியரை இறக்கி, சும்மா விட்டால் அந்த வித்தியாசத்தைச் சக்கரங்கள்தான் இஞ்சினை இழுத்துச் சரிசெய்ய வேண்டும். கார் தலையை ஆட்டும். சத்ரியா முன்சக்கரம் இழுக்கும் கார். ஏற்கெனவே பிரேக் பிடித்துத் திணறும் முன்டயர்களில் இந்தச் சுமையும் ஏறும். பின்சக்கரம் தள்ளும் காரில் இதே தவறு வளைவில் நடந்தால் பின்பக்கம் வழுக்கி முன்னால் வரப் பார்க்கும். ஆகவே கியர் விழும் நேரத்தில் எண்ணெய் பெடலை ஒரு தட்டுத் தட்டி இஞ்சின் சுற்றை முன்கூட்டியே ஏற்றிக் கொடுக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், அந்த நேரத்தில் இடது கால் கிளச்சில், வலது கால் பிரேக்கில். மூன்று பெடல், இரண்டு கால். எனவே வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க, குதிகாலோ பாதத்தின் வெளிவிளிம்போ எண்ணெய் பெடலைத் தட்ட வேண்டும். எல்லாம் ஒரு நொடிக்குள்.

செய்முறையில் குதிகாலுக்கு வேலை குறைவு. இன்றைய கார்களில் பெரும்பாலோர் பாதத்தைச் சாய்த்து வெளிவிளிம்பால்தான் தட்டுகிறார்கள். உண்மையான ஹீல்-டோவுக்குக் குதிகால் பட்டே ஆகவேண்டுமா என்ற விவாதம் ஆயர் கெரோ மாமாக் கடைகளில் இரண்டு தே தாரிக் நேரம் ஓடக்கூடியது. முடிவு எட்டப்பட்டதில்லை.

தம்பியின் குருநாதர் பார்முலா ஒன் வீரர் அயர்டன் சென்னா. சுசுகா திடலில் அவர் ஹோண்டா என்எஸ்எக்ஸ் ஓட்டும் பழைய படத்தில் கேமரா கால்களைக் காட்டும். பந்தயக் காலணி இல்லை. அலுவலகத்துக்குப் போகிறவர் போடும் சாதாரண ஷூ, வெள்ளைக் காலுறை. பாதம் ஒரு பெடலிலிருந்து இன்னொன்றுக்குச் சாய்வதும் மீள்வதும் கண்ணுக்குப் பிடிபடாது. இரவு ஷிப்ட் முடிந்து வந்து தம்பி இதைப் பார்க்கிறார். அடுத்த வாரம் வெள்ளைக் காலுறை வாங்குகிறார்.

காலணிதான் அவருக்கு முதல் எதிரி. தொழிற்சாலையில் போடுவது இரும்பு மூக்கு வைத்த சேப்டி ஷூ. அதைப் போட்டுக்கொண்டு ஹீல்-டோ செய்தால் பிரேக், எண்ணெய், பக்கத்துச் சுவர் மூன்றும் சேர்ந்து மிதிபடும். ஜப்பான் சிலிப்பர் வழுக்கிப் பெடலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். வெறுங்கால் நல்ல உணர்வு தரும், ஆனால் நண்பர்கள் மதிக்கமாட்டார்கள். கடைசியில் மெல்லிய அடிப்பாகம் கொண்ட புட்சால் ஷூவில் வந்து நிற்கிறார். அது எப்போதும் முன் இருக்கையின் கீழே கிடக்கும். டோலுக்கு முன்னால் காரை ஓரங்கட்டி ஒருவர் ஷூ மாற்றுகிறார் என்றால் அவர் யாரென்று ஊகிக்கலாம்.

இரண்டாவது எதிரி பெடல். வீட்டுக்காரில் எண்ணெய் பெடல் பிரேக் பெடலைவிடத் தாழ்வாக இருக்கும். அவசரத்தில் கால் தவறி இரண்டையும் மிதித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. திடலில் பலமாகப் பிரேக் பிடிக்கும்போது பிரேக் பெடல் இறங்கி எண்ணெய் பெடலுக்குச் சமமாக வந்துவிடும், பாதம் சாய்ந்தால் எட்டும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் லெபோ ஏஎம்ஜே சாலையில் மெதுவாகப் பிரேக் பிடிக்கும்போது பெடல் இறங்காது. எண்ணெய் பெடல் கிணற்றுக்குள் கிடப்பதுபோல் கிடக்கும். இந்த இடத்தில் யாராக இருந்தாலும் இந்தக் கலைக்கு இந்தச் சாலை ஏற்றதில்லை என்று கண்டுகொள்வார்கள். தம்பி பெடலை மாற்ற முடிவு செய்கிறார்.

முதல் கட்டம் அலுமினியப் பெடல் உறை, துளை போட்டது, பளபளப்பது. எண்ணெய் பெடலுக்கும் உறைக்கும் நடுவில் வாஷர்களை அடுக்கி உயரத்தைக் கூட்டலாம். பிரேக் பக்கம் நீட்டிய தகடு ஒன்றைத் திருகி இடைவெளியைக் குறைக்கலாம். அளவோடு செய்தால் இது பயன் தரும். பந்தயக்காரர்களும் செய்வதுதான். தகடு அசையாமல் இருக்க வேண்டும், முழுசாக மிதித்தாலும் மீண்டு வர வேண்டும், கீழே கிடக்கும் கம்பளத்தில் சிக்கக் கூடாது, பயந்துபோய்ப் பிரேக்கை மிதிக்கும் கால் எண்ணெயைத் தொடக் கூடாது. தம்பி இவற்றில் முதலாவதைச் சோதிக்கிறார்.

இரண்டாம் கட்டத்தில் கை பிரேக் பெடலை நோக்கிப் போகிறது. எண்ணெயை ஏற்றியது போதவில்லை, பிரேக்கை இறக்கலாமே என்ற யோசனை. பெடலையும் பிரேக் பூஸ்டரையும் இணைக்கும் தள்ளுகோலில் மரை உண்டு, சுற்றினால் நீளும், குறையும். இங்கேதான் ஊர் போர்மன், அதாவது கார் மெக்கானிக், கையை உயர்த்துகிறார். கோல் கொஞ்சம் நீண்டுபோனாலும் பெடலின் சும்மா அசைவு போய்விடும். மாஸ்டர் சிலிண்டருக்குள் பிரேக் எண்ணெய் திரும்பும் துளை அடைபட்டே இருக்கும். யாரும் மிதிக்காமலே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும், சூடேறும். குறைத்தாலோ பெடல் பாதி தூரம் வெறுமனே போகும். இன்னொரு சங்கதியும் உண்டு. பெடல் தண்டின் மேல்முனையில்தான் பிரேக் விளக்கு சுவிட்ச் இருக்கிறது. பெடல் இடம் மாறினால் அதையும் மாற்ற வேண்டும். தம்பி மாற்றுவதில்லை. ஜாசினிலிருந்து ஆயர் கெரோ வரை அவர் காரின் பிரேக் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே போகிறது. பின்னால் வருகிறவர்கள் இவர் ஏன் இவ்வளவு கவனமாக ஓட்டுகிறார் என்று வியக்கிறார்கள்.

பயிற்சி முதலில் வீட்டு வாசலில், இஞ்சினை அணைத்துவிட்டு. பிறகு இஞ்சினை முடுக்கி. பக்கத்து வீட்டு மக்சிக் ஜன்னலை மூடுகிறார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், குலை லோரி ஓடாத செம்பனைத் தோட்டப் பாதையில். கற்பவரின் தவறு எப்போதும் ஒன்றே: எண்ணெயைத் தட்டுவதற்குப் பாதத்தைச் சாய்க்கும்போது பிரேக்கில் இருக்கும் அழுத்தமும் கூடிவிடும். கார் மூக்கைத் தரையில் குத்தி நிமிரும்.

இந்த நிலையில் அம்மாவை ஜாசின் சந்தைக்கு அழைத்துப்போகும் கடமை வருகிறது. மடியில் கெம்போங் மீன் பை, காலடியில் கங்குங் கீரையும் தக்காளியும். சாலை விளக்கு மஞ்சளாகிறது. தம்பி நாலிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு. வ்ரூம், வ்ரூம். மூன்று தக்காளி இருக்கைக்கு அடியில் உருண்டு புட்சால் ஷூவுக்குள் ஒன்று போய்ச் சேர்கிறது.

“டேய் தம்பி, கியரு பழுதா?”

“இல்லம்மா, இது டெக்னிக்.”

“போர்மன்கிட்ட காட்டு.”

குடும்பத்தில் இதைப் புரிந்துகொள்ளக்கூடியவர் ஒருவர்தான்: தோட்டத்தில் லோரி ஓட்டிய பெரியப்பா. அவர் காலத்து லோரிகளில் கியர்பாக்ஸில் சிங்க்ரோமெஷ் கிடையாது. கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளச்சை விட்டு, எண்ணெய் கொடுத்து, மறுபடி கிளச்சை மிதித்தால்தான் கீழ்க் கியர் விழும். இல்லாவிட்டால் பல் அரைபடும் சத்தம் கிராணி வீடு வரை கேட்கும். பால் ஏற்றிய லோரியைச் சரிவில் இறக்கும்போது இதே வேலையைப் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டும் செய்திருக்கிறார், வெறுங்காலில். தம்பி நீண்ட விளக்கம் கொடுத்துப் படமும் காட்டி முடித்ததும் பெரியப்பா கேட்கிறார்: “காடியில சரக்கு என்னா ஏத்துற?”

சரக்கு இல்லை.

செப்பாங் திடலுக்குப் போவது தம்பியின் புனித யாத்திரை. ஆயர் கெரோ டோலில் ஏறி வடக்கே போக வேண்டும். 1999 முதல் 2017 வரை அங்கே பார்முலா ஒன் பந்தயம் நடந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் காரில் அங்கே பதினோராவதாக வந்தார். அவர் எப்படிக் கால் வைத்து இறக்கினார் என்பதைப் பற்றித் தம்பி விரிவாகப் பேசுவார். அந்தக் காரில் பெடல் இரண்டே இரண்டு. கியர் மாற்றுவது ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டை விரலால் இழுத்து. 1989-இல் பெராரி கொண்டுவந்த அந்த ஏற்பாடு செப்பாங் திறப்பதற்கு முன்பே எல்லா அணிகளுக்கும் போய்விட்டது. அதாவது, அந்தத் திடலில் நடந்த எந்த பார்முலா ஒன் பந்தயத்திலும் யாரும் ஹீல்-டோ செய்ததில்லை. பிறகு 2009 மாடலாக நிசான் 370இசட் வந்தது. மூன்று பெடல் இருந்தும் எண்ணெய் தட்டும் வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொண்டது. இதைத் தம்பியிடம் சொல்லக் கூடாது என்பதில் நண்பர்களுக்குள் ஓர் உடன்பாடு இருக்கிறது.

கலை கைவராதவர் என்று அவரைச் சொல்லிவிடவும் முடியாது. சிலருக்கு ஒருநாள் அது விழுந்துவிடுகிறது. கிளச் விடும்போது எந்த ஆட்டமும் இல்லை, கியர் தானே வந்து உட்கார்ந்ததுபோல் இருக்கும். அப்படிச் செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் நடந்ததே தெரியாது. தம்பிக்கு அதுதான் பெரிய மனக்குறை. சத்தமில்லாமல் நன்றாகச் செய்தால் பார்க்க ஆள் இல்லை. ஆகவே வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாகத் தட்டுகிறார்.

இந்த இனம் கல்யாணத்தோடு குறைகிறது. வாங்கப்படுவது பெரோடுவா மைவி, ஆட்டோ. முதல் வாரத்தில் இடது கால், இல்லாத கிளச்சைத் தேடி, அகலமான பிரேக் பெடலில் இறங்கும். மாமனார் முன்கண்ணாடியை நெருங்கி வந்து திரும்புவார். சத்ரியா யாருக்கோ போகிறது. விற்பதற்கு முன் அலுமினியப் பெடல்களைக் கழற்றித் தனியாக விலை வைக்கிறார். வாங்க வரும் மெர்லிமாவ் பையன் திருகாணி ஒன்று குறைகிறதே என்கிறான். “அது தேவையில்ல தம்பி, எனக்கு ஒண்ணும் ஆகலையே” என்கிறார். எண்பது வெள்ளியில் ஆரம்பித்த பேரம் அறுபதில் முடிகிறது.