பொட்டிபுரத்து மாமாவுக்கு ஒரு பொட்டி விஷயம்

மில்டூரா,
விக்டோரியா மாநிலம்,
ஆஸ்திரேலியா.

அன்புள்ள மாமாவுக்கு மருமகன் எழுதுவது,

நாங்கள் நலம். நீங்கள், அத்தை, மச்சான், தொழுவத்தில் இருக்கும் இரண்டு பேர் எல்லோரும் நலம்தானே? மலையில் மழை எப்படி? ஏலக்காய் விலை ஏறியதா, இல்லை ஏறியதாகப் பேச்சு மட்டுமா?

போனில் நீங்கள் கேட்டதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். "மாப்ள, அங்க கார்ல வழி சொல்ற பொட்டி இருக்காம்ல, ஜீப்புக்கு ஒண்ணு குடுத்துவிடு" என்றீர்கள். நான் பதில் சொல்லும்போது உங்கள் ஜீப் மலையடிவாரத்து முந்தலுக்கு வந்துவிட்டது, சிக்னல் போய்விட்டது. நான் சொன்ன "முடியாது மாமா" உங்களுக்கு எட்டவில்லை. நீங்களோ கடைசியாகக் கேட்ட "ம்" என்பதை வைத்துக்கொண்டு, பொட்டி வருகிறது என்று டீக்கடையில் சொல்லிவிட்டதாக மச்சான் சொல்கிறான். அதனால் விவரமாக எழுதுகிறேன். டீக்கடையிலும் வாசித்துக் காட்டலாம்.

முதலில் எனக்கு எதற்குப் பொட்டி என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வழி தெரியாவிட்டால் கண்ணாடியை இறக்கி "அண்ணே" என்றால் போதும். கேட்டவர் சொல்வார், கேட்காதவர் வந்து அதைத் திருத்துவார், மூன்றாமவர் பாதி வழி வரை ஏறிக்கொள்வார். இங்கே கண்ணாடியை இறக்கினால் ஈ மட்டும்தான் உள்ளே வரும். மில்டூராவிலிருந்து தெற்கே ஊயன் என்ற அடுத்த ஊருக்குச் சுமார் 100 கிலோமீட்டர். கிழக்கே போனால் பால்ரனால்டிலிருந்து ஹே வரை 130 கிலோமீட்டர், மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஊரை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் பல இடங்களில் போன் சிக்னல் செத்துவிடும். ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தால் சாலைக்கு மேல் இருக்கும் கேமரா மடி வரை எட்டிப் பார்த்துப் படம் பிடிக்கும். அபராதச் சீட்டு வீட்டுக்கே வரும். அதனால்தான் கண்ணாடியில் ஒட்டிவைக்கும் தனிப் பொட்டி. நாடு முழுவதன் வரைபடமும் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். டவரை எதிர்பார்க்காது.

வாங்கியது நானில்லை, உங்கள் மகள். கடைக்காரப் பையன் ஐந்து அங்குலம், ஆறு, ஏழு, எட்டு என்று திரைகளை வரிசையாக எடுத்து வைத்தான். போடியில் ஏழு மில்லி, எட்டு மில்லி என்று ஏலக்காய் பிரித்த கைக்கு இது புதிதா? பெருங்காயைப் பார்த்து மயங்குபவன்தான் ஏமாறுவான், உள்ளே அரிசி இருக்கிறதா பார் என்பது போல் ஒவ்வொன்றாகக் குடைய ஆரம்பித்துவிட்டாள். எட்டு அங்குலம் நம் சின்னக் காரில் பாதிச் சாலையை மறைக்கும் என்று முதலிலேயே தள்ளினாள். பிறகு கேள்விகள். வரைபடத்தைப் புதுப்பிக்க வருடா வருடம் காசு கேட்பீர்களா? வெயிலில் திரை தெரியுமா? ஒட்டும் ரப்பர் கப் சூட்டில் பிடி விடுமா? பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? கடைசிக் கேள்விக்குப் பையன் உண்மையைச் சொல்லிவிட்டான்: ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது, எப்போதும் சிகரெட் லைட்டர் குழியில் ஒயரைச் சொருகியே வைக்க வேண்டும். ஆக, பேட்டரி சும்மா பேருக்கு. கடைசியில் ஆறு அங்குலம், ஆயுள் முழுக்க இலவசப் புதுப்பிப்பு என்று முடித்தாள். யாருடைய ஆயுள் என்று கேட்டாள். பொட்டியின் ஆயுளாம்.

வீட்டுக்கு வந்ததும் அமைப்புகள் என்ற இடத்துக்குப் போய் மூன்று கட்டளை போட்டாள். சுங்கச் சாலை வேண்டாம். மண் சாலை வேண்டாம். குறைந்த தூரம் வேண்டாம், குறைந்த நேரம் போதும். இந்த மூன்றாவதுதான் முக்கியம் மாமா. குறைந்த தூரம் என்று கேட்டால், பொட்டி நாலு கிலோமீட்டரை மிச்சம் பிடிக்கத் திராட்சைத் தோட்டத்துக்குள்ளும் மணல் மேட்டிலும் கொண்டுபோய் விடும். தேவாரத்திலிருந்து உடும்பன்சோலைக்குச் சாக்கலூத்து மெட்டு ஒற்றையடிப் பாதையில் ஜீப்பை விடச் சொல்வது மாதிரியான புத்தி அது.

அதன் குரல் ஒரு பெண்குரல். எத்தனை முறை சொல்பேச்சு கேட்காவிட்டாலும் கோபிக்காது. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் போனால், பழையதைக் கிளறாமல் புது வழியைக் கணக்குப் போடும். இந்தக் குணம் நம் வம்சத்தில் யாருக்கும் இல்லை. ஆனால் ஊர்ப்பெயர்தான் அதற்கு வாயில் நுழையாது. பூர்வகுடிகள் வைத்த மனங்கடாங், வூமெலாங் போன்ற பெயர்கள் நம் வாய்க்குச் சுளுவாக வருகின்றன. பொட்டி அதைச் சொல்லும்போது தொண்டையில் மீன்முள் சிக்கியதோ என்று இருக்கும். ஹே சமவெளியில் பேச்சே இல்லை. "நேராகப் போங்கள்" என்று ஆரம்பத்தில் சொல்லிவிட்டு ஊமையாகிவிடும். நாம்தான் இடையிடையே உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும்.

இந்த மில்டூரா உங்களுக்குப் பிடிக்கும். கம்பம் பள்ளத்தாக்கைப் போலவே ஆற்றுநீரைப் பாய்ச்சித் திராட்சை போடுகிறார்கள். சாஃபி சகோதரர்கள் என்ற இரண்டு பேர் பாசனக் குடியேற்றம் அமைத்தது 1887-ல். அதே வருடம்தான் அங்கே பென்னிகுவிக் பெரியாற்றில் அணை வேலையைத் தொடங்கினார். ஆனால் பொட்டிக் கதையில் இந்த ஊருக்கு வேறொரு புகழ் உண்டு. 2012 டிசம்பரில், ஐபோனில் அப்போது புதிதாக வந்திருந்த ஆப்பிள் வரைபடத்தை நம்பி மில்டூராவுக்குக் கிளம்பியவர்கள், சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி மரே-சன்செட் தேசியப் பூங்காவின் நடுவில் போய் நின்றார்கள். தண்ணீர் கிடையாது, வெயில் 46 டிகிரி வரை ஏறும் இடம். சிலர் 24 மணி நேரம் வரை மாட்டிக்கொண்டார்கள். சிக்னல் தேடிக் காட்டில் நடந்தவர்களும் உண்டு. உயிருக்கே ஆபத்து என்று விக்டோரியா போலீஸ் எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. மில்டூரா என்பது ஊருக்கும் பெயர், ஊரைச் சுற்றியுள்ள மாபெரும் நிர்வாகப் பகுதிக்கும் பெயர். வரைபடம் நடுக்காட்டில் குத்திய புள்ளிக்கும் ஊருக்கும் சம்பந்தமே இல்லை. தேனி என்று போட்டால் தேனி மாவட்டத்தின் நடுவில் எங்கோ ஒரு மலையில் இறக்கிவிட்டு "வந்து சேர்ந்தீர்கள்" என்றால் எப்படி?

அதே 2012-ல், மார்ச் மாதம், பிரிஸ்பேன் பக்கம் மூன்று ஜப்பானிய மாணவர்கள் வாடகைக் காரில் வடக்கு ஸ்ட்ராட்புரோக் தீவுக்குக் கிளம்பினார்கள். தீவு மாமா, தீவு. பொட்டி போகலாம் என்றது. ஓதம் வற்றிய நேரம் என்பதால் கடலும் தரை மாதிரிதான் தெரிந்தது. மோர்டன் விரிகுடாச் சேற்றில் கார் இறங்கி நின்றது, பிறகு தண்ணீர் ஏறியது. மூன்று பேரும் நடந்து தப்பினார்கள், கார் தப்பவில்லை. நம் பென்னிகுவிக், பெரியாறு வேலை முடிந்த பிறகு, பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்துக்கு யோசனை சொல்ல அந்த ஊருக்கு வந்தவர். தண்ணீர் எங்கே ஏறும் என்று கேட்க அன்றைக்கு ஆள் வரவழைத்தார்கள்.

இனி, இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டீர்களே, அது. தலைக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் சுமார் முப்பது ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் "என் கடிகாரத்தில் இப்போது மணி இது, நான் இருப்பது இங்கே" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். பொட்டி குறைந்தது நான்கின் குரலைக் கேட்டு, எது எவ்வளவு தாமதமாக வந்தது என்று கணக்குப் பார்த்துத் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். பொட்டி செயற்கைக்கோள் சொல்வதைக் கேட்கும், திரும்ப அதனிடம் பேசாது. ஆகையால் போகிற இடமெல்லாம் அத்தைக்குத் தெரிந்துவிடுமோ என்ற உங்கள் பயம் தேவையில்லை. அத்தைக்குத் தெரிவதற்குச் செயற்கைக்கோள் எதற்கு?

2000-ம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா இதில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. பொதுமக்களுக்கு 100 மீட்டர் வரை தவறிப் போகும். இந்த நெடுஞ்சாலையில் 100 மீட்டர் பிசகினால் திராட்சைக் கொடிதான். நம் போடிமெட்டு மலைச்சாலையில் பிசகினால்? பதினேழு கொண்டை ஊசி வளைவு, ஒரு மடிப்புக்கு மேல் இன்னொரு மடிப்பு. பிழையை எடுத்த பிறகும் அங்கே சிக்கல் உண்டு. மலைச்சரிவு பாதி வானத்தை மறைக்கும். செயற்கைக்கோளின் குரல் பாறையில் மோதி எதிரொலித்துத் தாமதமாக வரும். பொட்டி குழம்பி, நீங்கள் மேல் மடிப்பில் ஏறிக்கொண்டிருக்கும்போது கீழ் மடிப்பில் இருப்பதாக எண்ணிக்கொள்ளும். புலியூத்து அருவியைத் தாண்டியவரிடம் "திரும்பிப் போங்கள்" என்று சொல்லும்.

டீக்கடையில் சொல்ல ஒரு சங்கதி. நம் ஊர் மலையில் நியூட்ரினோ ஆய்வகம் என்று 2015-ல் மத்திய அரசு அனுமதி கொடுத்து, அதற்கு எதிர்ப்பும் வழக்குமாக இழுபட்டதே. அதே நியூட்ரினோத் துகளை வைத்து 2011-ல் ஐரோப்பாவில் பெரிய கூத்து. ஜெனீவாவில் இருந்து 730 கிலோமீட்டர் பூமிக்குள் புகுந்து இத்தாலி போன நியூட்ரினோ, ஒளியைவிட 60 நானோ விநாடி முந்திவிட்டது என்று அறிவித்தார்கள். ஐன்ஸ்டைன் தோற்றாரா என்று உலகமே கேட்டது. இரண்டு முனையிலும் நேரத்தை ஒத்துப் பார்க்க நம்பியிருந்தது இந்த ஜி.பி.எஸ். கடிகாரத்தைத்தான். மறுவருடம் துருவிப் பார்த்தால், ஜி.பி.எஸ். கருவியிலிருந்து கணினிக்குப் போகும் கண்ணாடி இழை ஒயர் சரியாகச் சொருகப்படவில்லை. ஜீப் நின்றால் நீங்கள் முதலில் பேட்டரி ஒயரை ஆட்டிப் பார்ப்பீர்களே, உங்களை அங்கே கூட்டிப்போயிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

இவ்வளவும் எழுதியது பொட்டியைக் குறை சொல்ல இல்லை. நிற்கும் இடத்தை அது துல்லியமாகச் சொல்லும். அதற்குமேல் சாலையைப் பற்றி அதற்குத் தெரிந்ததெல்லாம், யாரோ என்றைக்கோ வரைந்து கொடுத்தது மட்டும். அரிக்கொம்பன் யானையை நினைத்துப் பாருங்கள். 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் பிடித்து, கழுத்தில் ஜி.பி.எஸ். பட்டை மாட்டி, பெரியாறு காட்டில் விட்டார்கள். அந்தப் பட்டை பேசும் ஜாதி, இருக்கும் இடத்தைச் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கும். இரண்டு மாநில வனத்துறைக்கும் அது நிற்கும் இடம் தெரியும். அடுத்து எங்கே போகும் என்பது யானைக்கு மட்டும்தான் தெரிந்தது. மேகமலைப் பக்கம் உலாவிவிட்டு மே 27 அன்று கம்பம் தெருவில் ஓடியது. 144 தடை போட்டு ஊரே கதவைச் சாத்தியது. ஓர் உயிரும் போனது, அந்தத் துயரம் தனி. ஜூன் 5-ல் மறுபடி பிடித்து முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். பட்டையைக் கட்டியவர்கள் திரையைப் பார்த்தார்கள், பட்டை கட்டப்பட்டவர் வழியைப் பார்த்தார்.

விடிகாலை இருட்டில் எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போகும் உங்களுக்கு எந்த வளைவில் பனி இறங்கும், எங்கே காட்டுமாடு குறுக்கே நிற்கும், எந்தத் திருப்பத்தில் கேரள பஸ் ஹாரன் அடிக்காமல் வரும் என்று தெரியும். அது எந்தப் பொட்டியிலும் இல்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மூணாறு, கொச்சி என்று வெளியூர்க்காரர்களை ஏற்றுகிறீர்கள் அல்லவா, அதற்குத் துணை வேண்டும்தான். அதற்கும் இந்தப் பொட்டி ஆகாது. இங்கே விற்பதில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரைபடம் மட்டும்தான் இருக்கும். பூப்பாறையில் வைத்தால் கடலுக்குள் நிற்பதாக நினைத்துக்கொள்ளும். நம் நாட்டு வரைபடத்தைத் தனியாகக் காசு கொடுத்து ஏற்ற வேண்டும். மச்சான் கேட்ட அந்த இன்னொரு கருவி, டவர் இல்லாத இடத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புவது, அதன் பேச்சையே எடுக்க வேண்டாம். உரிமம் இல்லாமல் இந்தியாவுக்குள் அதைக் கொண்டுவந்த வெளிநாட்டு மலையேறிகளை விமான நிலையத்திலேயே பிடித்து வைத்திருக்கிறார்கள். என்னையும் பிடித்தால் ஜாமீனுக்கு நீங்கள்தான் ஜீப்பை விற்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். மச்சான் போனில் வரைபடம் இருக்கிறது. வீட்டில் சிக்னல் இருக்கும்போதே தேனி, இடுக்கி, எர்ணாகுளம் பகுதிகளை இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முந்தலில் டவர் போனாலும் ஜி.பி.எஸ். போகாது, அது வானத்திலிருந்து வருவது. நம் நாட்டுக்கே நேவிக் என்று தனிச் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன, புதுப் போன்கள் பலவற்றில் அதைக் கேட்கும் வசதியும் உண்டு. கிளம்பும் முன்பு ஒரு முறை முழு வழியையும் திரையில் நகர்த்திப் பாருங்கள். கடல் குறுக்கிட்டால் என்னைக் கூப்பிடுங்கள்.

பொட்டிக்குப் பதிலாக, போனைக் கண்ணாடியில் ஒட்டிவைக்கும் நல்ல தாங்கி ஒன்றை அனுப்புகிறேன். 46 டிகிரி வெயிலிலும் பிடி விடாதது, உங்கள் மகள் சோதித்துப் பார்த்தது.

அத்தைக்கு என் வணக்கம். மச்சானுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பி.கு.: தாங்கியை ஒட்டச் சரியான இடம் ஓட்டுநருக்கு இடப்பக்கக் கீழ்மூலை. அங்கே இப்போது பழனி முருகன் படம் இருப்பதாக உங்கள் மகள் சொல்கிறாள். முருகன் நகர்வாரா, தாங்கி நகருமா என்று அத்தையிடம் கேட்டு எழுதவும். பதில் வந்த பிறகுதான் ஒயரின் நீளத்தை முடிவு செய்ய முடியும்.