காம்பே இலையான செடி

ஆஸ்திரேலிய அரசுச் சின்னத்தில் கங்காருவும் ஈமுவும் கண்ணில் படும்; அவற்றின் பின்னால் மஞ்சள் பூவோடு விரிந்திருக்கும் கிளை படாது. அது வாட்டில், நம் வேல மரத்துக்கு உறவு. அதில் பொன்வாட்டில் என்ற வகையை, தாவரவியலார் அக்கேசியா பிக்னந்தா என்பதை, 1988 செப்டம்பர் 1 அன்று நாட்டு மலராக அறிவித்தார்கள். வாட்டில் என்ற சொல்லுக்கு நம்மிடமும் நேர்ச்சொல் இருக்கிறது: வரிச்சு. அங்கே குடியேறிய ஆங்கிலேயர் வளாரை வெட்டி வரிச்சுக் கட்டி, மண் அப்பிக் குடிசை போட்டார்கள். சுவரின் பெயர் மரத்துக்கு ஒட்டிக்கொண்டது.

வளர்ந்த செடியில் நாம் இலை என்று நினைப்பது இலையே அல்ல. முளைத்துச் சில வாரமான கன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடியில் வேல இலை போலச் சிற்றிலைகள். அதற்கு மேலே காம்பு தட்டையாகி, நுனியில் மட்டும் சிற்றிலைகள் தொற்றிக்கொண்டிருக்கும். இன்னும் மேலே காம்பு மட்டும்தான்: அரிவாளாய் வளைந்து, தோல்போல் தடித்த பச்சைத் தகடு. ஈரத்தை எளிதில் விடாமல் கோடையைத் தாண்டுவது அதுதான். பூவில் தேன் கிடையாது. தகட்டின் அடியிலுள்ள சுரப்பியில்தான் ஊறும். அதைக் குடிக்க வரும் வெள்ளைக்கண்ணிக் குருவி பக்கத்துப் பூக்களில் உரசி, மகரந்தத்தைச் சுமந்து போகும். இந்தச் சிக்கனம் எனக்குத் தீராத வியப்பு.

வளர்க்க வெயிலும் நீர் தேங்காத மண்ணும் வேண்டும். சரளையானாலும் மணலானாலும் சரி. வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருவதால் உரத்துக்கு ஏங்காது. அடியில் தண்ணீர் நின்றால்தான் வேர் அழுகும்.

விதை கருப்பு, கல் மாதிரி இருக்கும். கொதிக்கவைத்து இறக்கிய நீரை ஊற்றி இரவெல்லாம் ஊறவிட வேண்டும். காலையில் உப்பியிருப்பவற்றை விதைக்கலாம். காட்டில் இந்த வேலையைத் தீ பார்த்துக்கொள்கிறது. எறும்புகள் விதையின் முனையிலுள்ள கொழுப்புச் சதைக்காக அதைப் புற்றுக்குள் இழுத்துப் போய்விடும். தீ மேலே ஓடும்போது விதை உள்ளே பத்திரமாய்க் கிடக்கும்.

இதன் உறவுகள் சில நீலகிரிக்கும் வந்தன. அங்கே சீகை என்பார்கள். விறகுக்கும், தோல் பதனிடப் பட்டைக்கும் நட்டார்கள். வரையாடு மேய்ந்த புல்வெளிகளில் இன்று அதன் நிழல். வெட்டி எடுத்தாலும் தீரவில்லை. மண்ணுக்குள் கிடந்த விதைகள் வெயில் பட்டதும் கூட்டமாய் முளைத்து நிற்கின்றன.