ஆறாயிரம் பாக்காத காலுக்கு எந்த வண்டி?

வாங்க மாப்ள, வாங்க. திண்ணையில உக்காருங்க. செகண்ட்ஸ்ல ஸ்விஃப்ட் எடுக்கப் போறீங்களாம். பெட்ரோல் ஒண்ணு, டீசல் ஒண்ணுன்னு ரெண்டு வண்டியைப் பாத்து வச்சிருக்கீங்களாம். எதுல பெர்ஃபார்மன்ஸ் எச்சுன்னு தெரியாம சோறு எறங்கலையாம். உங்கம்மா விடிஞ்சதும் வந்து வெசனப்பட்டுட்டுப் போனா. தங்கச்சி மகன் பட்டினி கெடக்கறப்ப நான் கம்முனு இருக்க முடியுமா?

யார் யாரைக் கேட்ட இதுவரைக்கும்? ராசிபுரத்துக் கூட்டாளி டீசல்னான். அவன் வச்சிருக்கறது டீசல். ஆபீஸ்ல மேனேஜர் பெட்ரோல்னாரு. அவரு வச்சிருக்கறது பெட்ரோல். எங்கிட்ட இருக்கறது ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸ்எல். அதனால என் பேச்சை நீ நம்பலாம். லாரி ஓட்டித் தேஞ்ச காலு இது. கார்க்காரனுக்குப் பொய் சொல்லி எனக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல.

நீ பாத்தது ரெண்டும் 2011-க்கு அப்பறம் வந்த மாடல்தானே? காகிதத்துல என்ன போட்டிருக்கான்னு பாரு. பெட்ரோலு 1197 சிசி, 87 குதிரை, டார்க் 114 நியூட்டன் மீட்டர். டீசலு 1248 சிசி, 75 குதிரை, டார்க் 190. இதை வச்சுத்தான் உங்க கூட்டாளிகளுக்குள்ள அக்கப்போரு. ஒருத்தன் குதிரையைப் புடிச்சுத் தொங்கறான், இன்னொருத்தன் டார்க்கைப் புடிச்சுத் தொங்கறான். அதுக்குப் பக்கத்துலயே எந்த ஆர்.பி.எம்.லன்னு ஒரு நம்பர் இருக்குமே, அதை எவனாவது படிச்சானா? பெட்ரோலோட 87-உம் ஊசி 6000-ல நிக்கறப்பத்தான். டீசலோட 190 வெறும் 2000-லயே வந்துரும், 75 குதிரையும் 4000-லயே முடிஞ்சுரும்.

டார்க்கை ஆர்.பி.எம்.மால பெருக்கினா வர்றதுதான் குதிரை. கணக்குல உனக்கு வந்த மார்க்கு எனக்குத் தெரியும், அதனால நானே போட்டுச் சொல்றேன். ஊசி 2000-ல இருக்கறப்ப டீசல்கிட்ட 54 குதிரை வேலைக்கு வந்திருக்கும். அதே 2000-ல பெட்ரோல் என்னதான் முக்குனாலும் 32-ஐத் தாண்ட வழியில்ல. மீதி 55-உம் 6000-ல உக்காந்துக்கிட்டு "மாப்ள எப்ப வருவாரு, மாப்ள எப்ப வருவாரு"ன்னு ரோட்டைப் பாத்துக்கிட்டு இருக்கும். நீ அங்க போயிருக்கியா சாமி? என் மச்சான் ஆல்ட்டோவுல உன்னோட ஒருக்கா உக்காந்து வந்தேனே. ஊசி 2500-ஐத் தொட்டதும் இன்ஜின் அழுவுதுன்னு நாலாவது கியரைப் போடற ஆளு நீ. உனக்கு எதுக்கு 87? பேங்கு லாக்கர்ல வச்ச நகை மாதிரியா?

ஆனா ஒண்ணு. கடியாரம் புடிச்சு, நல்லா ஓட்டத் தெரிஞ்சவன் ஒருத்தனை உக்கார வச்சு, நின்ன எடத்துல இருந்து நூறு வரைக்கும் ஓட விட்டா, பெரும்பாலும் பெட்ரோல்தான் முந்தும். குதிரை 12 எச்சு, எடை ஏறக்குறைய நூறு கிலோ கம்மி. டீசல் இன்ஜினுக்குப் பொறி கிடையாது, காத்தை நசுக்கி நசுக்கியே தீ மூட்டணும். அந்த நசுக்கலைத் தாங்கற மாதிரி இரும்பு கனமா இருக்கணும், மேலாப்புல டர்போ வேற. அத்தனை கனமும் மூக்குலதான் உக்காந்திருக்கு. வளைவுல வெடுக்குனு திருப்பறப்ப பெட்ரோலு சொன்ன பேச்சைக் கேக்கும், டீசலு "இருங்க வர்றேன்"னு ஒரு நொடி ரோசனை பண்ணும்.

அப்பறம் ஏன் டீசல் ஓட்டினவன் எல்லாம் "மாமா, சீட்டுல முதுகு ஒட்டுது"ங்கறான்னு கேப்ப. கேளு, அங்கதான் சூட்சுமம். பொகை வெளிய போற வேகத்துல ஒரு சின்ன சக்கரம் சுத்தும். அந்தச் சக்கரம் காத்தை இன்ஜினுக்குள்ள திணிக்கும். டர்போங்கறது அவ்வளவுதான். ஆனா பொகை போதுமான அளவுக்கு வந்தாத்தானே சக்கரம் சுத்தும்? 1800-க்குக் கீழ வண்டி சவம். மிதிப்ப, ஒண்ணும் நடக்காது. இன்னும் மிதிப்ப, ஒண்ணும் நடக்காது. 2000 வந்ததும் குபீர்னு பாயும். கெணத்து மோட்டாரைப் போட்டுட்டு நிக்கறப்ப குழாய் புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்தைத் துப்பிட்டு, தண்ணி எட்டினதும் வேட்டி நனையற மாதிரி கொட்டுமே, அதேதான். சீராக் கொட்டற குழாயை எவனும் திரும்பிப் பாக்க மாட்டான், வேட்டியை நனைக்கிற குழாய்தான் கண்ணுல நிக்கும். கடியாரத்துல தோத்தாலும் டீசலு முதுகுல ஜெயிச்சுரும். உன் கூட்டாளி சொல்றது பொய்யில்ல, அவன் முதுகு சொல்றதை அவன் சொல்றான்.

அந்த டீசல் இன்ஜின் மாருதியோடதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காதே. இத்தாலிக்காரன் ஃபியட்டோட மல்ட்டிஜெட். 2005-ல பெட்ரோல் ஸ்விஃப்ட் வந்துச்சு, 2007-ல இந்த இன்ஜினை வச்சு டீசல் ஸ்விஃப்ட் வந்துச்சு. அதே இன்ஜின் ரிட்ஸ்ல, டிசையர்ல, இண்டிகா விஸ்டாவுல, ஃபியட் புன்ட்டோவுல. இந்தியாவோட தேசிய இன்ஜின்னு கிண்டலாவே பேரு வச்சுட்டாங்க. இதே 1248 சிசியில வேற டர்போவை மாட்டி 90 குதிரையாக்கி எர்டிகாவுலயும் எஸ்எக்ஸ்4-லயும் விட்டாங்க. ஸ்விஃப்டுக்கு 75 போதும்னு நிறுத்திக்கிட்டாங்க.

பெட்ரோல் இன்ஜின் கதை இன்னும் நல்லாருக்கும். மொதல்ல வந்த ஸ்விஃப்ட்ல 1298 சிசி இருந்துச்சு. 2006 பட்ஜெட்டுல நாலு மீட்டருக்குள்ள இருக்கற கார், பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள, டீசல்னா 1500 சிசிக்குள்ள இருந்தா வரி கம்மின்னாங்க. டீசலுக்கு ஒண்ணும் ஆகல. பெட்ரோலைத்தான் 2010-ல 1197-ஆக் குறுக்கிக் கொண்டாந்தாங்க. எந்த இன்ஜின்ல பெர்ஃபார்மன்ஸ்னு நீ எங்கிட்ட கேக்கற. பாதியை டெல்லியில வரி போடற மகராசன் முடிவு பண்ணிட்டான்.

சரி, மலைக்குப் போவோம். மாசத்துக்கு ஒரு தடவை கூட்டாளிகளோட கொல்லிமலைக்குப் போய்ட்டு அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டேங்கற. சாமி கும்பிடத்தான் போனீங்க, நம்பறேன். காரவள்ளியைத் தாண்டினா 70 கொண்டை ஊசி. ஒவ்வொரு ஊசியிலயும் வேகம் செத்துரும், ஊசி முடியற எடத்துலதான் ஏத்தம் நெஞ்சை நிமித்தும். டீசல்ல ரெண்டாவது கியர்லயே திருப்பினேன்னு வை, 1200 ஆர்.பி.எம்.ல வண்டி கெறங்கி நிக்கும், பின்னாடி வர்ற பஸ்ஸுக்காரன் ஆரன்லயே உன் குலத்தை விசாரிப்பான். கூச்சப்படாம மொதல் கியருக்கு எறங்கணும். எறங்கிட்டா அப்பறம் அடுத்த ஊசி வரைக்கும் அது ராசா. மேல போகப் போகக் காத்து மெலியும். ஆயிரத்து முந்நூறு மீட்டர் ஒசரத்துல டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் பலத்துல பத்துல ஒரு பங்குக்கு மேல அங்கயே விட்டுரும். டீசலுக்குக் காத்தைத் திணிக்க ஆள் இருக்கு, அவ்வளவாத் தெரியாது. ஏசியைப் போட்டு, அஞ்சு பேரை ஏத்தி, டிக்கியில நீங்க கொண்டு போற "பூசைச் சாமானை"யும் வச்சா, பெட்ரோலை 3500-க்குக் கீழ விடாம வெரட்டணும். சத்தம் போடும். போடட்டும், அதுக்குத்தான் அதைப் படைச்சிருக்கு. ஆனா உன் காலுக்கு அந்தச் சத்தம் ஆகாதே.

சேலம் ரோட்டுல ஒரு டேங்கரை முந்தறதுன்னாலும் இதே பாடுதான். எண்பதுல போறப்ப டீசல்காரன் நாலாவதுக்கு எறக்கினாலே போதும். பெட்ரோல்காரன் மூணாவதுக்கே எறக்கோணும். அஞ்சாவதுலயே மிதிச்சு வச்சுக்கிட்டு "மாமா, இந்த வண்டியில பிக்கப்பே இல்ல"ன்னு சொல்றவன் அந்த டேங்கரோட நம்பரை மனப்பாடம் பண்ணிக்கிட்டே கரூர் வரைக்கும் போய்ச் சேருவான்.

இத்தனையும் சொன்னேனே, அந்தக் காலத்துல டீசல் வாங்கினவன் எவனும் இதுக்காக வாங்கலீடா. 2012-ல பெட்ரோல் எழுபதைத் தாண்டி நின்னப்ப டீசல் நாப்பது சொச்சம். 2010-லயே பெட்ரோல் வெலையைச் சர்க்கார் கை கழுவிருச்சு, டீசலை மட்டும் 2014 அக்டோபர் வரைக்கும் இடுப்புல தூக்கி வச்சிருந்துச்சு. டீசல் ஸ்விஃப்டுக்கு மாசக்கணக்குல க்யூ. கேட்டா வெலையைச் சொல்ல மானம் தடுக்கும், "டார்க்குங்க, டார்க்கு"ம்பான். ஒரு லட்ச ரூபா எச்சுக் குடுத்து வாங்குனவன், "கஞ்சத்தனம் பண்ணினேன்"னா சொல்லுவான்? அவன் சொன்னதைக் கேட்டு வளந்த பையன்தான் இப்ப என் திண்ணையில உக்காந்திருக்கான்.

இப்ப கணக்கு என்னன்னு பாரு. பெட்ரோல் நூறு, டீசல் தொண்ணூத்திரண்டுன்னு வை. ஊருக்குள்ளயும் வெளியவும் சேத்து பெட்ரோலு 15, டீசலு 20 குடுக்குதுன்னு வை. கம்பெனி சொல்ற 18.6, 22.9 எல்லாம் அறைக்குள்ள ரோலர் மேல ஓட்டினது, அதை மறந்துரு. கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபா மிச்சம். நாமக்கல்லுக்கு வேலைக்குப் போய்ட்டு வர்றதுக்கு மாசம் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுவியா? ஆயிரம் ரூபா மிச்சம். பத்து வருசத்துக்கு மேல ஆன டீசல் வண்டியில இன்ஜெக்டர் ஒண்ணு மக்கர் பண்ணினா, டர்போ ஊளையிட்டா, கிளட்ச் வழுக்கினா, பட்டறைக்காரன் ஒரே சிரிப்புல உன்ற ரெண்டு வருச மிச்சத்தை வாங்கி டிராயர்ல போட்டுக்குவான். நீ போற தூரத்துக்கு டீசல் இன்ஜின் சூடு ஏறி முடியறதுக்குள்ள ஆபீஸ் வாசல் வந்துரும்.

இன்னொண்ணு, அந்த டீசல் வண்டி வெலை சல்லிசா இருக்குன்னியே, ஆர்.சி.யைத் திருப்பிப் பாத்தியா? பத்து வருசம் ஆன டீசல் டெல்லியில ஓடக்கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் 2015-லயே சொல்லிருச்சு. அங்க வெலை போகாத வண்டியெல்லாம் லாரியில ஏறித் தெக்கால வருது. பாக்கப் பளபளன்னு இருக்கும். நம்மூரு வரியைக் கட்டி நம்பர் மாத்தறதுக்குள்ள சல்லிசுங்கறது எங்க போச்சுன்னு தேடணும்.

புதுசா டீசல் எடுக்கலாம்னாலும் கடை காலி. 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வருதுன்னதும், பொகையைச் சுத்தம் பண்ற கருவிக்கு ஆகற செலவு சின்னக் காருக்குக் கட்டாதுன்னு மாருதி டீசலையே மூட்டை கட்டிருச்சு. கடைசியில சின்னக் கார்ல டாடா அல்ட்ராஸ் மட்டும் ஒண்டியா நின்னுச்சு, 1.5 லிட்டர், 90 குதிரை, 200 நியூட்டன் மீட்டர். 2025 மே மாசம் வண்டியைப் புதுப்பிச்சப்பவும் அவங்க டீசலை விடல. அந்த வீம்பு எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா அதுலயும் பொகை வடிகட்டி இருக்கும். அப்பப்ப நீளமா ஒரு ஓட்டம் விட்டு அதுக்குள்ள இருக்கற கரியை எரிக்கணும். ஊருக்குள்ளயே உருட்டிக்கிட்டு இருந்தா வெளக்கு எரிஞ்சு மானத்தை வாங்கும்.

அதனால மாப்ள, பெட்ரோலை எடு. எடுத்துட்டு, கியரைக் கீழ எறக்கக் கத்துக்க. அதுக்கு டார்க்கு வேண்டாம், இடது கையி போதும். தெனமும் கரூருக்கும் சேலத்துக்கும் ஓடற சேல்ஸ்காரன் எவனாவது வந்து கேட்டா டீசல்னு சொல்லுவேன், ஆளு பாத்துத்தான் மருந்து.

மூஞ்சி போற போக்கைப் பாத்தா, மாமன் பேச்சுல உனக்கு இன்னும் நம்பிக்கை வரல. சரி, ஞாயித்துக்கெழமை ரெண்டு வண்டியையும் ஓட்டிப் பாக்க வாங்கிட்டு வா. காலையில இன்ஜின் ஆறிக் கெடக்கறப்பவே வா. சூடாக்கி வச்சு ஸ்டார்ட் பண்ணிக் காட்டற வண்டிக்கு நான் வரமாட்டேன். வர்ற வழியில கோழிப்பண்ணையில ரெண்டு தட்டு முட்டை வாங்கிக்க, முப்பதும் முப்பதும் அறுபது. வண்டிக்கு ஒரு தட்டா டிக்கியில வெறுமனே வை, கட்டாத. காரவள்ளியில இருந்து செம்மேடு வரைக்கும் நீயே ஓட்டு, நான் பக்கத்துல கம்முனு உக்காந்து வர்றேன். எந்த வண்டியில எத்தனை ஒடைஞ்சுதுன்னு மேல போய் எண்ணுவோம். ஒடைஞ்சதெல்லாம் உன் கணக்கு, முழுசா வந்ததெல்லாம் மாமன் வீட்டுக்கு.