வாடகை லாரியில் சொந்தச் சரக்கு

கே: சார், மின்மடல் (நியூஸ்லெட்டர்) தொடங்கலாம் என்றிருக்கிறேன். சப்ஸ்டாக், பீஹைவ், கோஸ்ட்... எந்தத் தளத்தில் ஏறுவது?
(தர ஆய்வாளர், கும்மிடிப்பூண்டி சிப்காட்)

ப: உங்கள் ஆலை வாசலில் தினமும் லாரி நிற்கிறது. வண்டி பிடிக்கும்போது என்ன கேட்பீர்கள்? வாடகை எவ்வளவு, பணம் ஒழுங்காகக் கைக்கு வருமா, நடுவழியில் வண்டி நின்றால் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றலாமா? பெயின்ட் என்ன கலர் என்று யாரும் கேட்பதில்லை. மின்மடலுக்கும் அதேதான்.

கே: சரி, வாடகை எவ்வளவு?
(அதே வாசகர். விடமாட்டார் போலிருக்கிறது!)

ப: சப்ஸ்டாக்கில் இலவச மடலுக்குக் கட்டணமே இல்லை. சந்தா வாங்கினால் 10 சதவீதம் அவர்களுக்கு. 100 பேர் மாதம் 99 ரூபாய் கட்டினால் வரவு 9,900. அதில் 990 கழியும். பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் கட்டணம் தனி. பீஹைவும் கோஸ்டும் சந்தாவில் கமிஷன் எடுப்பதில்லை. பதிலுக்கு, சந்தா வசூலிக்கும் வசதிக்கு மாத வாடகை உண்டு. சந்தாதாரர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். கோஸ்டை உங்கள் சொந்த சர்வரிலும் நிறுவலாம். அது சொந்த லாரி மாதிரி: பஞ்சர் ஒட்டுவதும் நீங்கள்தான்.

கே: பணம் கைக்கு வருமா?
(பட்டறை உரிமையாளர், காக்களூர் தொழிற்பேட்டை)

ப: சிக்கலே இங்கேதான். மேலே சொன்ன மூன்றும் சந்தா வசூலுக்கு ஸ்ட்ரைப் நிறுவனத்தை நம்பியிருக்கின்றன. ஸ்ட்ரைப்போ 2024 முதல் இந்தியாவில் அழைப்பு வைத்தால்தான் புதுக் கணக்கு தருகிறது. பத்திரிகை இல்லாமல் கல்யாணத்துக்குப் போன கதை.

நம் ஊர் வழி ரேஸர்பே போன்ற கட்டண வாசல். வழக்கமான கட்டணம் 2 சதவீதம், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. அதே 9,900க்குச் சுமார் 234 ரூபாய். இன்னொன்று: கார்டில் தானாகப் பணம் எடுப்பதானால் 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மாதச் சந்தா என்றால், 'இந்த ஆளுக்கு ஏன் காசு கொடுக்கிறோம்?' என்று வாசகருக்கு ஆண்டுக்கு 12 தடவை வங்கியே ஞாபகப்படுத்தும். ஆண்டுச் சந்தா வாங்குங்கள்.

கே: வண்டி நடுவழியில் நிற்குமா என்ன?
(கல்லூரி மாணவி, பொன்னேரி)

ப: நின்றிருக்கிறது, மகளே. ட்விட்டர் 2021இல் ரெவ்யூ என்ற மின்மடல் தளத்தை வாங்கியது. 2023 ஜனவரியில் மூடியது. டைனிலெட்டர் என்ற இன்னொரு தளம் 2024 பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தது. முகவரிப் பட்டியலைக் கையில் வைத்திருந்தவர்கள் மறுநாளே வேறு வண்டி ஏறினார்கள். மாதா மாதம் சம்பள நாளன்று பட்டியலைப் பதிவிறக்கி வையுங்கள். பட்டியலைத் தர மறுக்கும் தளம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கே: வாட்ஸ்அப் குழு இருக்க மின்னஞ்சல் எதற்கு?
(மெமு ரயில் பயணி, கவரைப்பேட்டை)

ப: குழுவில் 1,024 பேருக்கு மேல் ஏற முடியாது. ஏறியவர்களில் பாதிப்பேர் காலை வணக்க ரோஜாப்பூ அனுப்புவார்கள். உங்கள் கட்டுரை ரோஜாவுக்கு அடியில் நசுங்கிவிடும்.

கே: 50,000 மின்னஞ்சல் முகவரி மலிவாகத் தருகிறேன் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?
(விற்பனைப் பிரதிநிதி, தேர்வாய் கண்டிகை)

ப: அவருக்கு உங்கள் முகவரியைக் கொடுத்துவிடாதீர்கள், 50,001 ஆகிவிடும்! ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் கேட்டை இறுக்கிவிட்டன. மொத்தமாக அனுப்புகிறவர் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று அடையாளச் சீட்டுகளைக் காட்ட வேண்டும். ஒரே தட்டலில் சந்தாவை விலக்கும் வசதியும் வேண்டும். 1,000 பேரில் 3 பேர் 'ஸ்பாம்' என்று அழுத்தினாலே ஆபத்து. கேட்காதவருக்கு அனுப்பினால் 3 பேர் கிடைப்பதா கஷ்டம்?

கே: தமிழில் எழுதினால் யார் காசு கொடுப்பார்கள்?
(கவிஞர், திருத்தணி)

ப: சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை 'எழுத்து' என்ற சிற்றிதழை நடத்தினார். புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். உங்களுக்குத் தோள்வலி மிச்சம். ஆனால் கவிதைக்குக் கை தட்டுவார்கள். பிழைப்புக்கு உதவும் தகவலுக்குத்தான் பர்ஸைத் திறப்பார்கள். சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பாக்கியை உரிய கெடுவுக்குள் (அதிகபட்சம் 45 நாள்) தராவிட்டால், தரும்வரை அதை வருமான வரிக்கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்றொரு விதி இருக்கிறது. அதை வாரா வாரம் எளிய தமிழில் விளக்குங்கள். காக்களூரே சந்தா கட்டும்.

கே: சுற்றி வளைக்காமல் தீர்ப்பைச் சொல்லும்!
(ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், திருவள்ளூர்)

ப: சப்ஸ்டாக்கில் இலவசமாகத் தொடங்கலாம். காசு வாங்கும் நாள் வந்ததும் பட்டியலைத் தூக்கிக்கொண்டு, நம்மூர் ஸோஹோ கேம்பைன்ஸ் போன்ற மடல் அனுப்பும் சேவை ஒன்றுக்கு மாறி, ரேஸர்பேயில் ஆண்டுச் சந்தா வாங்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் பத்து மடல் எழுதி வையுங்கள். பதினொன்றாவதற்கு விஷயம் இருந்தால் மட்டும் லாரிக்குச் சொல்லி அனுப்புங்கள்.