வலிக்கிற கையும் வலிக்காத கையும்

(ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சங்ககிரி, திருச்செங்கோடு ரோட்டு டீக்கடை. கொல்லிமலையிலிருந்து திரும்பிய பழைய புல்லட் ஒன்று செம்மண் பூசி நிற்கிறது. அதை ஒட்டி, இரண்டு பக்கமும் பால் கேன் மாட்டிய எக்ஸெல். புல்லட்காரருக்கு வயது இருபத்தெட்டு, கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. எக்ஸெல்காரருக்கு அறுபதைத் தாண்டியாயிற்று. கிணறு வெட்டி ஓய்ந்து, இப்போது மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார்.)

மாப்ள: வாங்க மாமா, உக்காருங்க. டீயை நீங்களே வாங்கிக்கோங்க. நான் கையைத் தூக்கற நெலமையில இல்லீங்க.

மாமா: ஏன் மாப்ள, எங்காச்சும் உழுந்து வாரிட்டியா?

மாப்ள: உழுகலீங்க. கொல்லிமலை போயிட்டு வந்தேன். 70 கொண்டை ஊசி வளைவு. ஏறயில பூராக் கெளச்சு, எறங்கயில பூராப் பிரேக்கு. அடிவாரம் காரவள்ளி வர்றதுக்குள்ள விரலை மடக்க முடியலை. பெருவிரலடிச் சதையைத் தொட்டா உயிரு போவுது.

மாமா: எழுவது வளைவுக்கேவா? நானெல்லாம் கெணத்துக்குள்ள எறங்கி வருசக்கணக்கா கம்ப்ரசர் புடிச்சவன். பாறையில தமர் போட்டா பல்லெல்லாம் ஆடும். இன்னிக்கு வரைக்கும் இந்தக் கை வலிக்குதுன்னு ஒரு நாள் சொன்னதில்ல. அது கெடக்கட்டும், உன்ற கையில என்ன அது, ரெண்டு தலகாணி?

மாப்ள: ஜெல் க்ளவுஸ் மாமா. உள்ளங்கையில அதிர்வு ஏறாது.

மாமா: ஹேண்டில்ல?

மாப்ள: ஸ்பாஞ்ச் கிரிப்பு. அதுவும் அதிர்வுக்குத்தான். முனையில மாட்டியிருக்கற குண்டும் அதிர்வுக்குத்தான். ஆக்சிலேட்டர் மேல இருக்கற பிளாஸ்டிக் பட்டை, பைபாஸ்ல முறுக்கிப் புடிக்காம உள்ளங்கையால அமுக்கிட்டே போறதுக்கு. ஹேண்டிலுக்கு அடியில ரைசர் வச்சு உசத்தியிருக்கேன், குனியாம ஓட்டறதுக்கு.

மாமா: மொத்தம் எவ்வளவு ஆச்சு?

மாப்ள: அம்மாகிட்டச் சொல்லீராதீங்க.

மாமா: அதுக்குப் பதிலா அதிராத வண்டியா வாங்கியிருக்கலாமே?

மாப்ள: என்னங்க மாமா இப்படிச் சொல்றீங்க! 2020-ல வந்த புது 350 இன்ஜின்ல பேலன்சர் தண்டு வச்சுட்டாங்க. பிஸ்டன் ஒரு பக்கம் தள்ளுனா அது எதிர்ப்பக்கம் சுத்தி அதிர்வைத் தின்னுரும். ஓட்டுனா ஓட்டற மாதிரியே இருக்காது. அதான் தேடிப் புடிச்சுப் பழைய வண்டியா, கூடவே காசு குடுத்து வாங்கினேன். அந்த அதிர்வுதாங்க புல்லட்டு!

மாமா: அதாகப்பட்டது, அதிர்வு வேணும்னு ஒரு காசு. அந்த அதிர்வு கைக்கு வரக்கூடாதுன்னு இன்னொரு காசு.

மாப்ள: நீங்க சொல்றப்பதான் அது தப்பாட்டம் கேக்குது.

மாமா: செரி, முதல்ல எது வாங்கினே? வரிசையாச் சொல்லு.

மாப்ள: முதுகு வலிச்சுது, ரைசர் போட்டேன். அப்பறம் பாத்தா கெளச்சு கல்லாட்டம் ஆயிருச்சு, கை வலிச்சுது. ஸ்பாஞ்ச் கிரிப்பு போட்டேன். அதுல கை வேர்த்து வழுக்குச்சு, க்ளவுஸ் வாங்கினேன். க்ளவுஸ் போட்டதுல இருந்து முன்னங்கை வலிக்குது.

மாமா: ஹேண்டிலை உசத்தினியே, கேபிளை உசத்தினியா? அதே பழைய கேபிளு. ஹெட்லைட்டுகிட்ட மடிஞ்சு, விறைச்சுக் கெடக்குது பாரு. உள்ள கம்பி உறையோட ஒரசற பாரத்தையும் சேத்து உன்ற நாலு விரலு இழுக்கோணும். கிரிப்பு தடிமனாச்சு, அதுக்கு மேல க்ளவுஸ் தடிமனாச்சு. தடிமனான உருளையைப் புடிக்கக் கை நெம்ப இறுக்கோணும். இறுக்கினா முன்னங்கைச் சதையில ரத்த ஓட்டம் கொறையும். வலிக்கு மருந்து வாங்கறேன்னு தவணை முறையில வலியை வாங்கியிருக்கறே.

மாப்ள: அப்ப நல்ல க்ளவுஸா ஒண்ணு...

மாமா: நல்ல கேபிளா ஒண்ணு. நீளமானதா வாங்கி, மாட்டறதுக்கு முன்னாடி நாலு சொட்டு எண்ணெய் உள்ள எறக்கு. உன்ற க்ளவுஸ்ல ஒரு விரலு வெலகூட ஆகாது. இப்ப வண்டி மேல ஏறு. ஏறி உக்காரு. ஓட்டறாப்பலயே கையை வச்சு, விரலை மட்டும் நீட்டு.

(மாப்ள ஏறி உட்கார்ந்து விரல்களை நீட்டுகிறார்.)

மாமா: முழங்கையில இருந்து விரல் நுனி வரைக்கும் ஒரே கோடா வரோணும். அந்தக் கோட்டுக்கு நேரா லீவர் இருக்கோணும். உன்றது வானத்தைப் பாத்துட்டிருக்குது. ஒவ்வொருக்காக் கெளச்சுப் புடிக்கறப்பவும் மணிக்கட்டு மேல மடியுது. ரைசர் வச்சவன் ஹேண்டிலைத்தான் உசத்தினானே ஒழிய லீவரைத் திருப்பலை. எடு ஸ்பானரை.

மாப்ள: ஸ்பானர் இல்லீங்க மாமா. வண்டியோட ஒரு ஆப் இருக்குது, அதுல எத்தனை கிலோமீட்டர்...

மாமா: (எக்ஸெல் பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்து, கவ்வியின் போல்ட்டைத் தளர்த்தி, லீவரைக் கீழே சாய்த்து, மறுபடி முடுக்குகிறார்.) இப்பப் புடிச்சுப் பாரு.

மாப்ள: ...மாமா, இது வேற வண்டிங்க.

மாமா: வண்டி அதேதான். இன்னும் கேளு. மலை எறங்கயில எந்தக் கியர்ல வந்தே?

மாப்ள: கெளச்சைப் புடிச்சுட்டே வந்தேன். பெட்ரோல் மிச்சமாகும்னு...

மாமா: ரெண்டாங்கியர்ல விட்டிருந்தா இன்ஜினே வண்டியைப் புடிச்சு நிறுத்தியிருக்கும். நீ கெளச்சையும் புடிச்சு, பிரேக்கையும் புடிச்சு, சரியற உடம்பையும் ரெண்டு உள்ளங்கையில தாங்கிட்டு வந்திருக்கறே. முழங்காலால டேங்கைக் கவ்வியிருந்தா ஒடம்பு இடுப்புலயே நின்னிருக்கும். அதா, கோட்டையைப் பாரு. தீரன் சின்னமலையை 1805-ல அங்கதான் வெள்ளைக்காரன் தூக்குல போட்டான். அவரு காலத்துல குதிரையேறின ஆளுக தொடையாலதான் குதிரையைப் புடிச்சாங்க. கடிவாளம் குதிரைக்குச் சேதி சொல்றதுக்கு. அதுல தொங்கறதுக்கில்ல.

மாப்ள: சின்னமலை குதிரை ஓட்டினதை நீங்க பாத்தீங்களா?

மாமா: நீ கொல்லிமலை போனதை நான் பாத்தனா? நம்பறேன்ல? ஹேண்டிலைப் புடிச்சா நாமக்கல் முட்டையைப் புடிச்சாப்பல புடிக்கோணும். உழுகவும் கூடாது, ஒடையவும் கூடாது. நீ புடிக்கற புடியில ஆம்லெட்டே ஆயிரும்.

மாப்ள: செரிங்க, ஒத்துக்கறேன். இந்த வைத்தியத்துக்கு டீக்காசாச்சும் நான் குடுக்கறேன்.

மாமா: இரு, இரு. பெரியவன் நான் இருக்கயில நீ குடுக்கறதாவது.

(சட்டைப் பைக்குள் கையை விட்டுத் துழாவுகிறார். துழாவிக்கொண்டே இருக்கிறார். கடைசியில் பையிலிருந்த மொத்தத்தையும் டீக்கடைப் பலகையில் கொட்டி, குனிந்து பார்த்துப் பொறுக்குகிறார்.)

மாப்ள: என்னங்க மாமா, பொங்கல் உண்டியல் ஒடைச்சாப்பல?

மாமா: உள்ள தடவுனா எது அஞ்சு ரூவா, எது ரெண்டு ரூவான்னு தெரியறதில்ல. கண்ணால பாத்தாத்தான் உண்டு.

மாப்ள: எத்தனை நாளாங்க?

மாமா: ஆச்சு, ரெண்டு மூணு வருசம். அதுக்கென்ன?

மாப்ள: சட்டைப் பித்தான் போட முடியுதுங்களா?

மாமா: உங்க அத்தை போட்டு விடறா. புது மாப்பிள்ளையாட்டம்.

மாப்ள: டம்ளர்?

மாமா: நாலஞ்சு கண்ணாடி டம்ளர் நழுவி ஒடைஞ்சுது. அதுல இருந்து கடைக்காரத் தம்பி எனக்கு மட்டும் சில்வர் டம்ளர்ல தர்றான். மரியாதைக்காரன்.

மாப்ள: ராத்திரி தூங்கறீங்களா?

மாமா: ரெண்டு மணிக்குக் கை எழுப்பி உட்ரும். எந்திரிச்சு நல்லா நாலு ஒதறு ஒதறிட்டுப் படுப்பேன். மாட்டுக்காரனுக்கு அலாரம் வாங்கற செலவு மிச்சம்.

மாப்ள: எந்தெந்த விரலு மரத்துப் போவுது?

மாமா: பெருவிரலு, ஆள்காட்டி, நடுவிரலு. மோதிர விரல்ல பாதி. சுண்டு விரலு சொகமா இருக்குது.

மாப்ள: மாமா, இப்ப நீங்க வண்டி மேல ஏறி உக்காருங்க. நான் சொல்றேன். மணிக்கட்டுல எலும்பும் பட்டையும் சேந்து ஒரு குகை இருக்குது. விரலை மடக்கற நாணு ஒம்போது அது வழியாத்தான் போவுது. அந்த ஒம்போதோட நெருக்கியடிச்சுட்டு ஒரே ஒரு நரம்பும் போவுது. நீங்க சொன்ன அந்த மூணரை விரலுக்கும் உணர்ச்சி குடுக்கறது அதுதான். குகை வீங்கினா நரம்பு நசுங்கும். சுண்டு விரலுக்கு வேற நரம்பு, வேற வழி. அதான் அது சொகமா இருக்குது. கார்ப்பல் டனல்னு சொல்லுவாங்க.

மாமா: கம்ப்யூட்டர் தட்டறவனுக்குத்தான அது வரும்?

மாப்ள: தட்டறவனுக்கு வருதோ இல்லையோ, அதிர்ற சாமானை வருசக்கணக்கா இறுக்கிப் புடிச்சவனுக்கு வரும். மார்கழி வெடியால பால் ஊத்தப் போகையில விரலு வெளுக்குதுங்களா?

மாமா: நுனி மட்டும் செத்தாப்பல வெள்ளையாகும். டீ டம்ளரைப் புடிச்சா செத்த நேரத்துல செவந்து வந்துரும்.

மாப்ள: அது வேற கணக்கு, ரத்தக் குழாய்க் கணக்கு. அமெரிக்காவுல இந்தியானா மாநிலத்துல பெட்ஃபோர்டுன்னு ஒரு ஊரு. நம்ம பக்கமாட்டவே சுண்ணாம்புக்கல் பூமி. அங்க காத்துச் சுத்தியல் புடிச்சுக் கல் செதுக்குனவங்களுக்குக் குளிர் வந்தா விரலு வெளுத்து மரத்துப் போச்சு. ஆலிஸ் ஹாமில்டன்னு ஒரு டாக்டரம்மா 1918-ல நேர்ல போய்ப் பாத்து, சுத்தியலோட அதிர்வுதான் காரணம்னு எழுதி வச்சாங்க.

மாமா: 1918-லயேவா? எங்க மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்லலையே!

மாப்ள: ஐரோப்பாவுல 2002-ல உத்தரவே போட்டாங்க. ஒரு நாளைக்கு ஒரு ஆளு கையில இவ்வளவு அதிர்வுதான் ஏறலாம், அதுக்கு மேல வேலை வாங்கக்கூடாதுன்னு.

மாமா: எங்களுக்கும் ஒரு அளவு இருந்துச்சு. கெணத்துல தண்ணி வர்ற வரைக்கும்.

மாப்ள: சக்கரை இருக்குதுங்களா?

மாமா: யாருக்கில்ல?

மாப்ள: சக்கரை இருந்தா இந்த நரம்பு இன்னும் சுளுவா நசுங்கும். இதுல எக்ஸெல்ல ரெண்டு பக்கமும் பால் கேனு, முன்னாடி தவுட்டு மூட்டை. உங்க ஹேண்டிலும் சும்மா இருக்கறதில்ல.

மாமா: ஆனா எனக்கு வலிக்கலையே மாப்ள! உனக்குத்தான வலிக்குது?

மாப்ள: அதாங்க சங்கடமே. என்ற கை கத்துது. புடிக்கறது தப்பு, லீவர் தப்பு, எறங்குன கியர் தப்புன்னு கத்துது. நீங்க ஸ்பானரை எடுத்தீங்க, அடங்குச்சு. உங்க கை இருவது வருசம் முன்னாடியே கத்தியிருக்கும். ஆம்பளைக் கை கத்தக்கூடாதுன்னு அடக்கி வச்சீங்க. இப்பச் சேதி அனுப்பற நரம்பே நசுங்கிக் கெடக்குது. தகவல் வரலைன்னா எல்லாம் நல்லாருக்குதுன்னு அர்த்தமுங்களா?

மாமா: நானும் ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டிருந்தேனே... செரி உடு, நல்லெண்ணெயைக் காச்சித் தேச்சா...

மாப்ள: மேல எதை மாட்டினாலும் கோளாறு லீவர்லன்னு சொன்னது யாருங்க? உங்க கோளாறு குகைக்குள்ள. எண்ணெய் தோலோட நின்னுரும். சேலம் ஜி.எச்.சுக்குப் போவோம். நரம்புல மின்சாரம் எவ்வளவு வேகமாப் போவுதுன்னு அளந்து பாத்துருவாங்க. ஆரம்பத்துலயே புடிச்சா ராத்திரி மணிக்கட்டு மடங்காமப் பட்டை கட்டறதுலயே சில பேருக்குத் தேறிரும். பெருவிரலடிச் சதை கரைஞ்சு போனா குகை மேல இருக்கற பட்டையைக் கீறி உடுவாங்க. சின்ன ஆபரேசன்தான். கரைஞ்ச சதை மட்டும் திரும்பி வர்றது கஷ்டம். எங்க, கையைக் காட்டுங்க.

(மாமா இரண்டு உள்ளங்கைகளையும் காட்டுகிறார். வலது கைப் பெருவிரலடி மேடு தட்டையாகிக் கிடக்கிறது. மாப்ள வீங்கிய தன் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்.)

மாமா: காச்சுப் போன கைன்னு நெனச்சேன். கரைஞ்சு போன கை.

மாப்ள: நாளைக்கே போலாம். நான் லீவு போட்டர்றேன். புல்லட்டுலயே போயிரலாம்.

மாமா: வரேன். ஆனா பால் கேனை மடியில வச்சுக்கிட்டுத்தான் வருவேன்.

மாப்ள: ஜி.எச்.சுக்குப் பால் கேனு எதுக்குங்க?

மாமா: போற வழியில நீ பழகறதுக்கு. பால் தளும்பாம ஓட்டத் தெரியோணும். டாக்டரு எப்படியும் கொஞ்ச நாளைக்கு வண்டியைத் தொடக்கூடாதும்பாரு. அதுவரைக்கும் சொசைட்டிக்குப் பால் ஊத்தறது யாரு, உங்க அப்பனா? க்ளவுஸ் போட்டுட்டு வராத, கேனு வழுக்கும்.

மாப்ள: ஐயோ மாமா, எனக்குத்தான் கை வலிக்குதுங்களே!

மாமா: வலிக்குதில்ல? அப்ப நல்ல கைதான். வெடியால அஞ்சு மணிக்கு வந்துரு.